அன்னக்கிளிக்கும் மயிலுக்கும் நடுவில் – ராஜாவின் மறந்துபோன ஆரம்பப் படங்கள்

இளையராஜா என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் ஒப்பிக்கிற கதை ஒன்று இருக்கிறது. 1976-ல் அன்னக்கிளி வந்தது. தமிழ்நாடே மச்சானைத் தேடியது. இந்திப் பாட்டு ஓடிப்போனது. அப்புறம் பாரதிராஜா வந்தார், 16 வயதினிலே வந்தது, மயிலும் சப்பாணியும் வந்தார்கள், ராஜா ராஜாவானார். அவ்வளவுதான். இரண்டே வரியில் முடிந்துவிடும்.

இந்த இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அன்னக்கிளி வெளியானது 1976 மே 14. 16 வயதினிலே வெளியானது 1977 செப்டம்பர் 15. கணக்குப் போட்டால் பதினாறு மாதம். அந்தப் பதினாறு மாதத்தில் ஏழெட்டுப் படங்களாவது ராஜாவின் இசையில் வந்திருக்கின்றன. அவற்றில் பாதியின் பெயரைச் சொன்னால் ராஜா ரசிகர்களே "அப்படி ஒரு படமா?" என்பார்கள். ஆனால் ராஜா எப்படி ராஜாவானார் என்று தெரிந்துகொள்ள அந்தப் பட்டியல்தான் முக்கியம். ஹிட் படங்கள் ஜெயித்தவரைக் காட்டும். ஜெயிக்கப் போகிறோமா இல்லையா என்று தெரியாமல் ஒருவர் என்ன செய்தார் என்பதை மற்ற படங்கள்தான் காட்டும்.

புது ஆள், ஆனால் புதியவர் அல்ல

முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சரி செய்துவிடலாம். அன்னக்கிளி செய்தபோது ராஜா ஒன்றும் தெரியாமல் கிராமத்திலிருந்து நேராக ஸ்டுடியோவுக்கு வந்தவர் அல்ல. பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிக் குழுவோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராக வாசித்தவர். 1968-ல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை நோட்டு எழுதப் படிக்கும் அளவுக்குக் கற்றவர். சலீல் சௌத்ரி போன்றவர்களிடம் கிடார் வாசித்தவர். கன்னடத்தில் பெரிய பெயரெடுத்திருந்த ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து நிறையப் படங்களில் வேலை பார்த்தவர்.

ஆக, பஞ்சு அருணாசலம் அன்னக்கிளி வாய்ப்பைக் கொடுத்தபோது ராஜாவுக்கு வயது 32. ராசய்யா என்ற பெயரை இளையராஜா என்று மாற்றியவரும் பஞ்சுதான். ஏற்கெனவே ஏ.எம். ராஜா என்று ஒருவர் இருந்ததால் இவர் 'இளைய' ராஜா. இந்தக் காலத்து பாஷையில் சொன்னால் பிராண்ட் நேம். கதாசிரியர் ஆர். செல்வராஜ்தான் பஞ்சுவிடம் ராஜாவை அறிமுகப்படுத்தியது. அன்னக்கிளியின் கதையும் அவருடையதே.

அன்னக்கிளி ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பெரிய ஹீரோ கிடையாது. சிவகுமாரும் சுஜாதாவும்தான். பாட்டால் ஓடிய படம். ஒரு படம் இப்படி ஓடினால் அடுத்த நாளே தயாரிப்பாளர்கள் வாசலில் வரிசை கட்டியிருக்க வேண்டும் அல்லவா? அந்த வருடம் மிச்சம் இருந்த ஏழரை மாதத்தில் அவர் இசையில் வந்தவை மூன்றே படங்கள். படம் எடுத்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், சந்தை கொஞ்சம் யோசித்திருக்கிறது என்றே தோன்றும். "நாட்டுப்புறப் பாட்டு நல்லா போடுறாரு, மத்தது வருமா?" என்ற கேள்வி. எம்.எஸ்.வி. அப்போது உச்சத்திலேயே இருந்தார். அதே 1976-ல்தான் மூன்று முடிச்சும் மன்மத லீலையும். சங்கர் கணேஷ், வி. குமார், விஜயபாஸ்கர் என்று மற்றவர்களும் இருந்தார்கள். ஒரு படத்தோடு காணாமல் போன இசையமைப்பாளர்கள் தமிழ் சினிமாவில் எத்தனையோ பேர்.

1976: அந்த மூன்று படங்கள்

பாலூட்டி வளர்த்த கிளி. விஜயகுமார், ஸ்ரீப்ரியா நடித்தது. பெயரிலும் ஒரு கிளியை வைத்தார்கள், ஆனால் அன்னக்கிளி மாதிரி ஓடவில்லை. இன்றைக்கு இந்தப் படத்தை யாராவது நினைத்தால் "நான் பேச வந்தேன்" என்ற ஒரு டூயட்டுக்காகத்தான். எஸ்.பி.பி., ஜானகி பாடியது. அன்னக்கிளியில் எஸ்.பி.பி. கிடையாது. பின்னால் ஆயிரக்கணக்கான பாடல்கள் சேர்ந்து செய்யப்போகிற இரண்டு நண்பர்களின் திரைக் கூட்டணி, யாரும் பார்க்காத இந்தப் படத்தில்தான் ஆரம்பித்தது. அன்னக்கிளியில் இருந்த வயக்காட்டு வாசனை இந்தப் பாட்டில் துளியும் இல்லை. மெதுவான, நகரத்துத் தனிமை உள்ள மெட்டு. கேள்விக்கு முதல் பதில் இங்கேயே வந்துவிட்டது, கேட்கத்தான் ஆள் இல்லை.

உறவாடும் நெஞ்சம். மறுபடியும் தேவராஜ் – மோகன், மறுபடியும் சிவகுமார். இதிலும் ஒரு எஸ்.பி.பி. – ஜானகி டூயட், "ஒரு நாள் உன்னோடு ஒரு நாள்". பாட்டு தெரியும், படம் தெரியாது என்ற ரகத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மூன்றாவது பத்ரகாளி. மகரிஷியின் நாவலை ஏ.சி. திருலோகசந்தர் படமாக்கினார். இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு சோகம் உண்டு. கதாநாயகி ராணி சந்திரா 1976 அக்டோபரில் பம்பாயில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். பாக்கிக் காட்சிகளை அவரைப் போலவே இருந்த ஒரு பெண்ணை வைத்து எடுத்து முடித்து, அந்த வருடக் கடைசியில் வெளியிட்டார்கள். படம் ஓடியது. ஜேசுதாஸும் சுசீலாவும் பாடிய "கண்ணன் ஒரு கைக்குழந்தை" வாலி எழுதியது, மோகன ராகத்தில் அமைந்தது. அதே படத்தில் பிராமண வீட்டுப் பேச்சு வழக்கை வைத்து ஒரு கிண்டல் பாட்டும் உண்டு. ஒரே படத்தில் தாலாட்டு மாதிரி ஒரு காதல் பாட்டு, ஒரு கேலிப் பாட்டு. நாட்டுப்புறம் மட்டுமே தெரிந்தவர் செய்கிற வேலையா இது?

1977: பெரிய வீட்டுக்குள் நுழைந்த கதை

1977 ஆரம்பத்தில் வந்தது தீபம். தயாரிப்பு கே. பாலாஜி, இயக்கம் கே. விஜயன், ஹீரோ சிவாஜி கணேசன். சிவாஜிக்கு ராஜா முதல் முதலாக இசையமைத்த படம் இதுதான். சிவாஜி என்றால் டி.எம்.எஸ்., டி.எம்.எஸ். என்றால் எம்.எஸ்.வி.யோ கே.வி. மகாதேவனோ என்று ஊறிப்போன ரசிகர்கள். ராஜா இங்கே புரட்சி எதுவும் செய்யவில்லை. "அந்தப்புரத்தில் ஒரு மகராணி"யை டி.எம்.எஸ்., ஜானகிக்குக் கொடுத்தார். ஜேசுதாஸ், ஜானகிக்கு "பூவிழி வாசலில்". முதல் பாட்டு பழைய கட்டுக்குள்ளேயே நிற்கும். இரண்டாவதில்தான் இடையிசையைக் கவனித்துக் கேட்க வேண்டும். வாத்தியங்கள் பாட்டுக்குப் பக்கவாத்தியமாக இல்லாமல் தாங்களே ஒரு கதை சொல்ல ஆரம்பித்திருக்கும். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுத்துவிட்டு, கூடவே தன் சரக்கையும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

அவர் எனக்கே சொந்தம் இன்னொரு மறந்துபோன படம். அதில் பூரணி, இந்திரா பாடிய "தேவன் திருச்சபை மலர்களே" சர்ச் கோரஸ் பாணி. அதே படத்தில் இலங்கையின் பைலா மெட்டான "சுராங்கனி"! ஏ.இ. மனோகரன் பாடிப் பிரபலமான பாட்டு. அதை இங்கே மலேசியா வாசுதேவன் குழுவோடு பாடினார். தேவாலயமும் கடற்கரைக் கும்மாளமும் ஒரே இசைத்தட்டில்.

கவிக்குயிலை முழுதாக மறந்த படம் என்று சொல்ல முடியாது. காரணம் பாலமுரளிகிருஷ்ணா. கர்நாடக சங்கீதத்தின் அவ்வளவு பெரிய வித்வானைக் கூட்டி வந்து, சினிமாவில் அதிகம் புழங்காத ரீதிகௌளை ராகத்தில் "சின்னக் கண்ணன்" பாடவைத்தார், திரையில் வந்து ஒன்றே கால் வருடம்தான் ஆன ஒரு இசையமைப்பாளர். அந்தப் பாட்டுக்குப் பிறகுதான் ரீதிகௌளை சினிமாக்காரர்களின் செல்ல ராகமானது. ஆனால் படம்? சிவகுமார், ஸ்ரீதேவி, ரஜினிகாந்த் மூவரும் நடித்திருக்கிறார்கள் என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

புவனா ஒரு கேள்விக்குறி 16 வயதினிலேவுக்கு இரண்டு வாரம் முன்பு வந்தது. ரஜினி நல்லவன், சிவகுமார் கெட்டவன் என்று எஸ்.பி. முத்துராமன் தலைகீழாகப் போட்ட படம் என்பதால் சினிமா வரலாற்றில் இடம் உண்டு. "விழியிலே மலர்ந்தது" மேடைகளில் இன்றும் பாடப்படுகிறது. ஆனால் ஜெயச்சந்திரன், வாணி ஜெயராம் பாடிய "பூந்தென்றலே" எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன்பின் வந்தது 16 வயதினிலே. ஜானகிக்கு தேசிய விருது. அத்தோடு சந்தேகம் தீர்ந்தது. அடுத்த மாதமே வந்த காயத்ரி, எழுத்தாளர் சுஜாதாவின் கதை. அதில் "காலைப் பனியில்" பாடியவர் பேபி சுஜாதா. அப்போது அவருக்குப் பதினான்கு வயது. பின்னாளில் தென்னிந்தியா முழுக்கத் தெரிந்த சுஜாதா மோகன் அவர்தான். 1976-ல் நான்கு படம், 1977-ல் ஏறக்குறைய ஒரு டஜன், 1978-ல் இருபதை ஒட்டி. ஆர்டர் புத்தகம் நிரம்பிவிட்டது.

கூட்டம் அதிகமான பிறகும்

இப்படி மாதத்துக்கு இரண்டு படம் என்று ஆன பிறகு தரம் இறங்கியிருக்க வேண்டும். 1978-ல் முள்ளும் மலரும், சிகப்பு ரோஜாக்கள், ப்ரியா, அவள் அப்படித்தான் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதே வருடத்தின் சின்னப் படங்களைப் பாருங்கள்.

சிட்டுக்குருவியில் "என் கண்மணி". எஸ்.பி.பி.யும் சுசீலாவும் பாடுகிறார்கள், ஆனால் வழக்கமான டூயட் அல்ல. மேற்கத்திய இசையில் கவுன்ட்டர்பாயின்ட் என்று ஒன்று உண்டு. இரண்டு தனித்தனி மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும். தனியாகக் கேட்டாலும் அழகு, சேர்த்துக் கேட்டாலும் அழகு. பாக் இதில் மன்னர். தன்ராஜ் மாஸ்டரிடம் படித்த இந்தப் பாடத்தை ராஜா ஒரு பேருந்துக் காதல் காட்சியில் இறக்கினார். வாலிக்குத்தான் சோதனை. இரண்டு மெட்டுக்கும் தனித்தனியாகவும் பொருள் வர வேண்டும், பின்னிக் கேட்டாலும் பொருள் வர வேண்டும். நடுவே கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி இறங்கச் சொல்லும் குரல் வேறு. பாடம் நடத்துகிற மாதிரித் தெரியாமல் பாடம் நடத்துவது என்றால் இதுதான்.

வட்டத்துக்குள் சதுரம் படத்தில் ஜானகியும் பி.எஸ். சசிரேகாவும் பாடிய "இதோ இதோ என் நெஞ்சிலே". இரண்டு தோழிகளின் பாட்டு. காதலோ கல்யாணமோ இல்லாமல் பெண்களின் நட்புக்கென்றே ஒரு மெலடி தமிழ் சினிமாவில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், இதன் அருமை புரியும். அச்சாணியில் ஜானகியின் "மாதா உன் கோவிலில்". படத்தைப் பார்த்தவர்களைவிட, அந்தப் பாட்டை வேளாங்கண்ணி போகும் வழியில் கேட்டவர்கள் அதிகம் இருப்பார்கள். காற்றினிலே வரும் கீதத்தில் ஜெயச்சந்திரன், ஜானகி பாடிய "ஒரு வானவில் போலே". கண்ணன் ஒரு கைக்குழந்தை (ஆமாம், பத்ரகாளி பாட்டின் பெயரையே படத்துக்கு வைத்தார்கள்) படத்தில் "மேகமே தூதாக வா".

இதெல்லாம் இன்று போல டிராக் டிராக்காகப் பதிவு செய்த பாட்டுகள் அல்ல. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பாடி வாசிக்க வேண்டும். யாராவது ஒருவர் ஒரு இடத்தில் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே நோட்டில் எழுதிக் கொடுத்துவிடும் ராஜாவின் பழக்கம் கலை மட்டும் அல்ல, செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும் வழியும்கூட. சின்ன பட்ஜெட் தயாரிப்பாளர்கள் அவரைத் தேடி வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ஊருக்குள் வந்தது படம் அல்ல, பாட்டு

ஓடாத படத்தின் பாட்டு எப்படி உயிரோடு இருந்தது? தருமபுரி மாவட்டம் தீர்த்தமலையை எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர், அடிவாரத்தில் சின்ன ஊர். அரூரிலிருந்து பஸ் பிடித்து வர வேண்டும். 1977-ல் இப்படிப்பட்ட ஊர்களுக்குப் புதுப்படம் எப்போது வரும்? சென்னையில் ஓடி, சேலத்தில் ஓடி, பெட்டி தேய்ந்து டூரிங் டாக்கீஸுக்கு வரும்போது வருடம் கழிந்திருக்கும். ஓடாத படம் என்றால் வரவே வராது.

ஆனால் பாட்டு அப்படி அல்ல. டீக்கடை ரேடியோவில் விவித பாரதியும் இலங்கை வானொலியும் படம் ஓடியதா இல்லையா என்று பார்த்துப் பாட்டுப் போடவில்லை. அப்புறம் மைக் செட். மாசித் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, எதுவானாலும் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, ரிக்கார்டு பெட்டியைத் திறப்பார்கள். நாலைந்து பாட்டு அடங்கிய சின்ன 45 ஆர்.பி.எம். தட்டுகள். எந்தத் தட்டு அந்தப் பெட்டியில் இருக்கிறதோ அதுதான் அந்த ஊரின் இசை வரலாறு. ஒரு தட்டில் ஒரு பாட்டு ஹிட் என்றால் கூடவே இருக்கும் மற்றப் பாட்டுகளும் இலவச இணைப்பாக ஊர் காதுக்குள் போய்விடும். பிறகு கேசட் வந்தது. வெற்று கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் வந்தன. அதன்பின் எம்.பி.3 சிடி. பாட்டு ஒவ்வொரு முறையும் புது வண்டியில் ஏறிக்கொண்டது.

ஏறாமல் விட்டது

ஏறாமல் விட்டது பின்னணி இசை. விஷயமே இதுதான்.

ஒரு படத்துக்கு இசை என்றால் ஐந்து பாட்டு மட்டும் இல்லை. பாட்டெல்லாம் சேர்த்தால் இருபத்தைந்து நிமிடம் வரும். மிச்சம் இரண்டு மணி நேரப் படத்துக்கு ரீல் ரீலாகப் பார்த்து, எந்த இடத்தில் வயலின் வர வேண்டும், எந்த இடத்தில் சும்மா இருக்க வேண்டும் என்று முடிவு செய்து எழுதியது ராஜாதான். பழசிராஜாவுக்கும் தாரை தப்பட்டைக்கும் அவர் வாங்கிய தேசிய விருதுகள் பின்னணி இசைக்கென்றே தரப்பட்டவை. ஆயிரம் படம் தாண்டியவரை, 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியவரை, எந்த வேலை தயார் செய்தது? பாட்டுகள் மட்டும் அல்ல. உறவாடும் நெஞ்சம் மாதிரிப் படங்களுக்கு, யாரும் கைதட்டப்போவதில்லை என்று தெரிந்தும், ரீல் ரீலாக எழுதிய அந்தப் பின்னணி இசையும்தான் அவருக்குப் பயிற்சிக்கூடம்.

அந்தப் பின்னணி இசையை அன்றைக்கு யாரும் தட்டாகப் போடவில்லை. அது படத்தின் ஒலித்தடத்தில் மட்டும்தான் இருக்கிறது, வசனத்தோடும் கதவுச் சத்தத்தோடும் கலந்து. அதனால் படம் போனால் அதுவும் போனது. ஓடிய படத்துக்கு நல்ல பிரதி இருக்கும், டிவியில் போடுவார்கள். ஓடாத படத்தின் நெகட்டிவ் ஏதோ ஒரு லேபில், வாடகை கட்ட ஆள் இல்லாமல் கிடக்கும்.

சட்டப்படி பார்த்தால் இது இன்னும் சொத்துதான். நம் நாட்டில் திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் காப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள். 1976-ல் வந்த படத்துக்கு 2036 முடியும்வரை உரிமை உண்டு. ஆனால் அன்றைய சின்னத் தயாரிப்பு நிறுவனங்களில் பல இன்று இல்லை. உரிமை உண்டு, உரியவர் இல்லை. வருமானம் வராத சொத்தை யாரும் பராமரிக்க மாட்டார்கள். கணக்கியலில் இதற்குத் தேய்மானம் என்று பெயர். ஃபிலிமைப் பொறுத்தவரை அது கணக்குப் புத்தகத்தில் மட்டும் நடப்பதில்லை, டப்பாவுக்குள் நிஜமாகவே நடக்கிறது. 2037-ல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கதவு திறக்கும்போது உள்ளே எதுவும் மிச்சம் இல்லாமல் போகலாம்.

வெளிநாட்டில் வழி கண்டிருக்கிறார்கள். கிங் காங் (1933) படத்துக்கு இசையமைத்த மாக்ஸ் ஸ்டைனரின் தாள்களை அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் பாதுகாக்கிறது. அப்படி மிஞ்சிய தாள்கள் இருந்ததால் 1990-களில் மாஸ்கோ சிம்பொனி இசைக்குழு அந்தப் பின்னணி இசையைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்ய முடிந்தது. நோட்டாக எழுதும் இசைக்கு உள்ள லாபம் இது. தட்டு உடைந்தாலும் தாள் இருந்தால் திரும்ப வாசிக்கலாம். தமிழில் முழுக்க முழுக்க நோட்டு எழுதி வேலை செய்தவர் ராஜா. அவருக்கு இதைச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப் போகிறோம்?

அதுவரை கேட்பவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய சிவகுமார் படம் ஏதாவது மத்தியான நேரத்தில் டிவியில் ஓடினால், பாட்டு முடிந்ததும் சேனல் மாற்றாமல் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். வசனத்துக்குப் பின்னால் ஒரு புல்லாங்குழலோ கிடாரோ தனியாக எதையோ முயற்சி செய்துகொண்டிருக்கும். 33 வயதில், அடுத்த படம் வருமா வராதா என்று தெரியாத ஒருவர் எழுதியது அது.